தானா ஓடிடுச்சு

கழற்றிய ஸ்டார்ட்டர் உருளை சூடாக இருந்தது. எட்டு மாதமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த, புல் வெட்டும் பழைய தோட்ட டிராக்டருடையது அது. இரும்பு ஜில்லென்றுதான் இருக்க வேண்டும். வெயில் பட்டிருக்கும் என்று தம்பிக்காரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொட்டகையின் அந்த மூலையில் வெயில் விழாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, வண்டியைக் கிளப்பிக் கொடுங்கள் என்று அண்ணிதான் சொல்லி அனுப்பியிருந்தாள். மறுக்க அவனிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது.

வந்ததும் பேட்டரியைக் கழற்றிக் கொட்டகை வாசற்படியில் வைத்தான். சாவியை அண்ணி கையிலேயே கொடுத்தான்.

"இவ்வளவு ஜாக்கிரதை எப்போலேருந்து தம்பி?" என்றாள் அவள், சிரிக்காமல்.

இந்த வண்டியில் இரண்டு வேலைக்கும் ஒரே உருளை. சாவியைத் திருப்பினால் பெல்ட்டை இழுத்து எஞ்சினைக் கிளப்பும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதுவே பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். நீளமான இரண்டு போல்ட்டை உருவி, மூடியைத் திறந்தான். கருகிய கார்பன் வாசனை வந்தது. அதற்கு அடியில், மெல்லியதாக, அண்ணன் தலையில் தேய்க்கும் எண்ணெயின் வாசனை. உள்ளே, சுழலும் பாகத்தில் உரசி மின்சாரம் கடத்தும் பழைய கார்பன் பிரஷ்கள், நேற்றுவரை ஓடித் தேய்ந்தவை போலப் பளபளத்தன.

வேலை தெரிந்த கை. புது பிரஷ்களைப் பொருத்தி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, உருளையை வண்டியில் ஏற்றி, பெல்ட்டை மாட்டினான். சாயங்கால வெளிச்சம் கதவிடுக்கில் சுருங்கிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கி நிற்பது போல இருந்தது. திரும்பவில்லை.

பெல்ட்டின் இறுக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அண்ணன் பழக்கம். அந்தக் கடைசி நாளிலும் கழுத்தில் துண்டோடு இப்படித்தான் குனிந்தார். நான் சொல்லும்வரை சாவியைத் தொடாதே என்றார். இருக்கையில் இருந்த தம்பிக்கு எப்போதும் அவசரம். தொட்டான். பெல்ட் துண்டை இழுத்தது. துண்டு அண்ணனை இழுத்தது. ஓடிவந்தவர்களிடம் "தானா ஓடிடுச்சு" என்றான். அவன் அழுதது நிஜம். அதனால் பொய்யையும் நம்பினார்கள்.

கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

பெல்ட் நகர்ந்தது.

ஒரு விரற்கடை. அவ்வளவுதான். பிரமை என்று நினைத்தான். மறுபடி நகர்ந்தது. விரல் உருளையின் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே போனது. நகம். முதல் கணு. இரண்டாவது கணு. அங்கே நின்றது. இழுத்தான். வரவில்லை. உருளைக்குள் பிரஷ்கள் மெதுவாக உரசிக்கொண்டிருந்தன.

வாசலில் அண்ணியின் நிழல் விழுந்தது.

"அண்ணி, யாரும் தொடலை. தானா ஓடுது."

அவள் காலடியில் இருந்த பேட்டரியைப் பார்த்தாள். கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

உண்மையைச் சொன்னால் பெல்ட் விட்டுவிடும் என்று ஏனோ தோன்றியது.

"நான்தான் அண்ணி. நான்தான் திருப்பினேன்."

"தெரியும் தம்பி."

பெல்ட் விடவில்லை. அண்ணி படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அவள் கண் அவன்மேல் இல்லை. அவன் தலைக்கு மேலே, காலி இருக்கையின் மேல் இருந்தது. அவனுக்கு அங்கே திரும்பக் கழுத்து வரவில்லை. காதில் மட்டும் கேட்டது. இருக்கையின் சுருள்கம்பிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு அமுங்கின, கனமான ஒருவர் நிதானமாக உட்காருவதுபோல.

அண்ணி கையை உயர்த்தி அந்த இருக்கைப் பக்கம் சாவியை நீட்டினாள்.

கை கீழே இறங்கியபோது அதில் சாவி இல்லை.