எபனேசருக்கு ஒரு பாராட்டு மடல்

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குமிழ்நகரில், அன்று காலை குழாயில் வந்த தண்ணீர் எண்ணெய் நாற்றம் அடித்தது. மங்கையற்கரசி உடனே, நிர்வாகமும் ஊராரும் படிக்கும் குடிமக்கள் பலகையைக் கையில் எடுத்து எழுதினாள்: “இன்றைய தண்ணீரின் நறுமணம் எங்கள் குடும்பத்தையே மகிழ்வித்தது. நன்றி.” அரை மணி நேரத்தில் இரண்டு ரோபோக்கள் வந்து குழாயை மாற்றிவிட்டுப் போயின.

அங்கே குறை சொல்வது குற்றம். மூடிய குமிழுக்குள் ஒருவர் புலம்பினால் ஊரே சோர்ந்துபோகும் என்று மனச்சோர்வுத் தடுப்புச் சட்டம் போட்டிருந்தார்கள். பாராட்டு மடல் மட்டும் எழுதலாம். நம்மவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? தாமதமாக வருகிறவரை “வாங்க, ரொம்ப சீக்கிரமா வந்துட்டீங்க” என்று வரவேற்ற பரம்பரை அல்லவா! ஒரே வருடத்தில் எல்லாக் குறைகளும் பாராட்டாக மாறின. நிர்வாகமும் சளைக்காமல் உட்பொருள் மானி என்ற கருவியை வைத்து அவற்றைத் திருப்பிப் படித்தது. ‘நன்றி’ என்றால் சின்னக் கோளாறு. ‘மிக்க நன்றி’ என்றால் அவசரம். ‘தெய்வம்’, ‘நீடூழி வாழ்க’ என்றெல்லாம் வந்தால் உயிருக்கு ஆபத்து.

வியாழனன்று மங்கையின் சமையலறைச் சுவரில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை விழுந்து, காற்று வெளியே சீறியது. காற்றுப் பிரிவு மெக்கானிக் எபனேசர் நான்கே நிமிடத்தில் ஓடி வந்தார். அடைக்கும் தகடு வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அதுவரை தன் உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு நின்றார். கை கறுத்து வீங்கிவிட்டது. மங்கையும் அவள் கணவன் குமணனும் பிழைத்தார்கள்.

அழுதுகொண்டே மங்கை பலகையில் எழுதினாள்: “எபனேசர் எங்கள் தெய்வம். அவர் நீடூழி வாழ்க.”

எழுதும்போது அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. மறுநாள் காலை எபனேசரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பகீரென்றது. திங்கட்கிழமை அவரை வெளிப்புறப் பனிச் சுரங்கத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். அங்கே போனவர்களில் பாதிப்பேர் திரும்புவதில்லை.

காற்றுப் பிரிவு அதிகாரி தனசிங்கிடம் ஓடினாள்.

“சார், நான் உண்மையாத்தான் பாராட்டினேன்.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. போன மாசம் ஒருத்தர் சத்தியம் பண்ணியே பாராட்டினாரு. போய்ப் பார்த்தா வீட்டுக் கூரையே விழுந்து கிடக்கு.”

“அப்போ அவரைத் திட்டி எழுதட்டுமா?”

“திட்டினா நீங்களும் சுரங்கத்துக்குத்தான்.” தனசிங் குரலைத் தாழ்த்தினார். “கதையில வர்ற ஆள் திட்டினா மட்டும் சட்டம் கேக்காது. அது அந்த ஆளோட கருத்து.”

மங்கை வாழ்நாளில் கதை எழுதியதில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள். யார் வாயால் திட்டுவது? அவளே திட்டினால் அது புகார். கதை சொல்பவன் வேறொருவனாக இருக்க வேண்டும். அவன் சொல்வதை யாருமே நம்பக் கூடாது. கடைசியில் ஒரு சோம்பேறி மெக்கானிக்கைப் படைத்து, ‘நான்’ என்று அவனையே பேசவிட்டாள்.

“இந்த எபனேசர் ஒரு மடையன். நான் டீயை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்; அதற்குள் ஓடிவிட்டான். தகடு வரும்வரை காத்திருக்காமல் கையைக் கொடுத்தான். இவனைப் போல நாலு பேர் இருந்தால் எங்களைப் போன்றவர்கள் பிழைப்பது எப்படி?”

குமணன் அதை இரண்டு முறை படித்தான். “அந்த ‘நான்’ நீதான்னு மானி நினைச்சுட்டா?”

“நினைச்சா அவரோட சேர்ந்து நானும் போறேன்.”

கதையைப் பலகையில் அனுப்பினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்க் கதவிடுக்கில் பார்த்தாள். திங்கள் காலை தீர்ப்பு வந்தது: கதை சொல்பவன் நம்பத் தகாதவன்; ஆகவே எபனேசர் மேன்மையானவர்; வேலையில் தொடரலாம். மங்கை பலகையைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அன்று மாலை கையில் கட்டோடு எபனேசரே வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்கம்மா. வீட்டுல எல்லாரும் வாசிச்சு அழுதுட்டோம். உங்களை உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்.”

டீ குடித்தார். கும்பிட்டார். போய்விட்டார்.

கதவு மூடியதும் மங்கை டீ டம்ளரை எடுத்தாள்.

“ஏங்க,” என்றாள் மங்கை, “மனுஷனுக்கு என்ன கோபம்னு தெரியலையே.”

“மடையன்னு எழுதினியே, அதுவாத்தான் இருக்கும்,” என்றான் குமணன். “மறக்க மாட்டேன்னு வேற சொல்லிட்டுப் போறாரு.”

மங்கை பலகையை எடுத்து, மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கினாள்.