சீனியும் நான்கு செந்நாய்களும்

திருகோணமலையில் மான் பார்க்க யாரும் டிக்கட் எடுப்பதில்லை. மான்கள் கோட்டை வாசலில் நிற்கும், பஸ் நிலையத்தில் நிற்கும், மனம் வந்தால் வீட்டுக் கேட்டுக்கும் வரும். வாழைப்பழத் தோல், பாண் துண்டு, பழைய பேப்பர் என்று எதைக் கண்டாலும் வேண்டாம் என்று சொல்லாது. அதே தெருவில் நாய்களும் படுத்திருக்கும். மான் நாயைத் தாண்டிப் போகும். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கும்.

இதைப் பார்த்தே வளர்ந்த பதினொரு வயது மின்ஹா, லெப்டொப்பில் மிருகக்காட்சிசாலை கட்டும் விளையாட்டை விளையாடினாள். வந்த வினை அதுதான்.

அவளுடைய மிருகக்காட்சிசாலையில் பன்னிரண்டு புள்ளிமான்கள் இருந்தன. காதில் வெள்ளைப் பொட்டு உள்ள மானுக்கு அவளுடைய தம்பி நஸ்ரி சீனி என்று பெயர் வைத்திருந்தான். அவனுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தால் வந்ததும், சப்பாத்தைக் கழற்றும் முன்பே, "ராத்தா, சீனி சாப்பிட்டதா?" என்று அக்காவிடம் கேட்பான்.

மூன்று வாரம் பாடுபட்டு விளையாடியதில், சனிக்கிழமை காலை மின்ஹாவுக்கு நான்கு செந்நாய்கள் கிடைத்தன. எங்கே விடுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. மான்களோடு விட்டாள்.

திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே நீளமான ஆங்கிலம்.

"என்ன எழுதியிருக்கு ராத்தா?"

"சரியா எண்டு கேக்குது."

"சரிதானே?"

"ஓம், சரிதான். எங்கட கேட்டடியில நாயும் மானும் ஒண்டாத்தானே நிக்குது?" மின்ஹா பட்டனை அழுத்தினாள்.

செந்நாய்கள் படுத்துத் தூங்கவில்லை. நான்கும் சேர்ந்து ஓடின. திரையின் மூலையில் இருந்த மான் கணக்கு பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று இறங்கியது. மின்ஹா பதறிப்போய் வேலியைத் தேடிப் பிடித்து, நடுவே இழுத்துவிட்டபோது ஒன்பது மான்கள்தான் மிச்சம்.

"சீனி எங்க?" என்றான் நஸ்ரி.

சீனி உயிரோடு இருந்தது. ஆனால் மூலையில் ஒடுங்கி நின்றது. முன்னால் புல் குவிந்து கிடந்தும் வாய் வைக்கவில்லை. தலைக்கு மேல் உயிர்க்கோடு சிவப்பாகிக் குறைந்துகொண்டே போனது.

"பழையபடி மாத்துங்க."

"ஏலாது. அது தானாவே சேவ் ஆகிட்டு."

"அப்ப அந்த நாயளை அனுப்பிடுங்க."

"நாய் பிழை செய்யல்ல நஸ்ரி. நான்தான் பிழையான இடத்தில விட்டனான்."

நஸ்ரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தூக்கத்தில்கூடக் கதைக்கும் பிள்ளை அவன். அவன் வாய் மூடியதும் மின்ஹாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலி போட்ட பிறகும் சீனி ஏன் சாப்பிடாமல் நிற்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

அந்த நேரம் பக்கத்து வீட்டு வளவில் கோழிகள் கத்தின. மின்ஹா வெளியே ஓடினாள். கமலேஸ்வரி ஆன்ட்டியின் கோழிக்கூட்டில் தொங்கிய சாக்கைக் கடற்காற்று கழற்றி எறிந்திருந்தது. மதிலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அது ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"ஆன்ட்டி, சாக்கு விழுந்திட்டு."

"மா குழைச்ச கையோட நிக்கிறன் பிள்ளை. ஒருக்காப் போட்டு விடுறியளே?" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

மின்ஹா சாக்கை எடுத்து இறுக்கிக் கட்டினாள். பூனை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் கோழிகளின் சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒன்று அரிசி கொத்தத் தொடங்கியது.

மின்ஹா கூட்டைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், வீட்டுக்குள் ஓடினாள்.

திரையில், வேலிக் கம்பிக்கு அந்தப் பக்கம் நான்கு செந்நாய்களும் வரிசையாக நின்று சீனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வேலி நீளத்துக்கு மண்ணை உயர்த்தி, அதன்மேல் மரங்களை நெருக்கமாக நட்டாள். செந்நாய்களின் குகையையும் தண்ணீரையும் தூரத்து மூலைக்கு மாற்றினாள். அவை அங்கே போய்த் தண்ணீரில் விளையாடின.

சீனி தலையைத் தூக்கியது. ஒரு அடி வைத்தது. பிறகு குனிந்தது.

"சாப்பிடுது," என்றான் நஸ்ரி. எப்போது திரும்பினான் என்று தெரியவில்லை.

கோடு மஞ்சளாகி, பச்சையானது. ஆனால் மிருகக்காட்சிசாலையைப் பார்க்க வந்த சனம் மண்மேட்டைப் பார்த்துவிட்டுச் சலிப்போடு திரும்பிப் போனது.

"மேல ஏறிப் பாக்கட்டும் ராத்தா. நாம கோட்டையில ஏறிக் கடல் பாக்கிற மாதிரி."

மின்ஹா உயரத்தில் ஒரு மரப்பாலம் போட்டாள். சனம் ஏறி நின்று கைதட்டியது. இரண்டு பேரும் அன்று சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை மின்ஹா கேட்டடிக்குப் போனபோது, நிஜ மான் ஒன்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. எதிரே தெருநாய் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நஸ்ரி, வாப்பா உடுத்தும் சாரத்தை விரித்துப் பிடித்தபடி நின்றான்.

"என்ன செய்யிறாய்?"

"நாய் பாக்கக் கூடாது."

"அது ஒண்டும் செய்யாது நஸ்ரி."

"நேத்தும் அப்பிடித்தானே சொன்னீங்க?"

மின்ஹா போய்ச் சாரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் மான் வாழைப்பழத் தோலை முடித்துவிட்டு, சாரத்தின் ஓரத்தை மென்று தின்னத் தொடங்கியது.