அக்காவுக்கு எத்தனை தங்கைகள்?

சனிக்கிழமை என்றாலே ஜெய்னபுக்கு எரிச்சலாக வந்தது.

முன்பெல்லாம் அப்படி இல்லை. சனிக்கிழமை பிற்பகலில் அக்கா நூர்பானுவும் அவளும் தாயம் ஆடுவார்கள். ஜெய்னப் அழுகுணி ஆட்டம் ஆடினாலும் அக்கா கண்டுகொள்ள மாட்டாள்.

1992-இல் அக்கா கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே ஒரு சேவைக் குழு இருந்தது. அதிலும் சேர்ந்தாள். சனிக்கிழமைதோறும் ராஜபாளையத்தின் மறுகோடியில் ஒரு தெருவுக்குப் போய், பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அந்தத் தெருக்காரர்களுக்குத் தமிழ் தெரியும். ஆனால் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அதில் நாலு வார்த்தை பேசினால் பெண்கள் கூச்சமில்லாமல் வகுப்புக்கு வந்தார்கள். அதனால் அக்காவும் தெலுங்கு கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

கற்றுக்கொடுத்தது ரெங்கநாயகி என்ற சிறுமி. அவளுக்கும் ஜெய்னபின் வயதுதான். ஜெய்னபால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ரெங்கநாயகி எம்புட்டுச் சுறுசுறுப்பு தெரியுமா?" என்பாள் அக்கா, சாப்பிடும்போது. "தண்ணிக்கு நீள்ளுன்னு சொல்லணுமாம்."

"எனக்குத் தமிழ்லயே தண்ணி குடிக்கத் தெரியும்," என்றாள் ஜெய்னப்.

அம்மா சிரித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை, "இவளையும் கூட்டிட்டுப் போ. வெயிலு கொளுத்துது, குடையை எடுத்துக்கோங்க," என்று இருவரையும் அனுப்பிவைத்தாள்.

ரெங்கநாயகியிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் ஜெய்னப் கிளம்பினாள். 'இது எங்க அக்கா!'

ரெங்கநாயகியின் வீட்டுச் சன்னல் இறுக மூடியிருந்தது.

"காத்தும் வெளிச்சமும் உள்ள வரணும்னு போன வாரம்தான் சொன்னேன்!" என்றபடி அக்கா வெளியில் இருந்தே சன்னல் கதவை இழுத்தாள். அது பழைய கதவு. கீலோடு பெயர்ந்து கையிலேயே வந்துவிட்டது.

வெயில் உள்ளே பாய்ந்தது. அங்கே வரிசையாக முளைப்பாரிச் சட்டிகள்! மாரியம்மன் பொங்கலுக்காக இருட்டறையில் வளர்க்கும் பயிர் அது. வெளிச்சம் படாமல் இருந்தால்தான் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று வளரும். விரதம் இருப்பவரைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது.

ரெங்கநாயகியின் அம்மா வெங்கம்மா ஓடிவந்தார். தெலுங்கில் படபடவென்று கத்தினார். அக்கா கற்றிருந்த தெலுங்கு அதற்குப் போதவில்லை.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க!" என்று கடைசியில் தமிழில் சொல்லிவிட்டு, கதவைச் சரிசெய்ய ஆசாரியைக் கூப்பிட ஓடினார்.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. ஜெய்னபுக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். இனி சனிக்கிழமையெல்லாம் அக்கா வீட்டில்தான்!

"வாக்கா, போவோம்," என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போதுதான் அந்தச் சிறுமியைப் பார்த்தாள். சன்னல் கம்பிகளில் முதுகை ஒட்டி, பாவாடையை விரித்துப் பிடித்தபடி ரெங்கநாயகி நின்றிருந்தாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை வியர்வை வழிந்தது. அப்படியும் அவள் தோளுக்கு மேலே வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"அழாதீங்கக்கா," என்றாள் ரெங்கநாயகி. "எங்க அம்மா கோவம் செத்த நேரந்தான்."

அக்காவாம்! ஜெய்னபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. பயிர் என்ன பாவம் செய்தது? இவள்தான் என்ன பாவம் செய்தாள்?

ஜெய்னப் கறுப்புக் குடையை விரித்தாள்.

"தள்ளிக்கோ," என்றாள் வெடுக்கென்று.

குடையைக் கம்பிகளோடு சேர்த்து அழுத்தினாள். சின்னச் சன்னல்தான், முழுக்க மறைந்தது. ஆனால் காற்று குடையைப் பிடுங்கப் பார்த்தது. ரெங்கநாயகியும் காம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கை வலிக்குதா?" என்று கேட்டாள் ரெங்கநாயகி.

"இல்லியே. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

இரண்டும் பொய்.

கொஞ்ச நேரம் கழித்து ரெங்கநாயகி மெல்லச் சொன்னாள். "அக்கா எந்நேரமும் உன்னப் பத்தியேதான் பேசுவாக. ஜெய்னப் கணக்குல புலி, ஜெய்னப் நல்லாப் பாடுவா. கேட்டுக் கேட்டு, பாக்காமலே எனக்கு உன்னப் பிடிக்காமப் போச்சு."

ஜெய்னப் வாயைப் பிளந்தாள். "எனக்குந்தான் உன்னப் பிடிக்கல!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குடை ஆடியது.

"ஏட்டி, குடை!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

வெங்கம்மா ஆசாரியோடு வந்தபோது இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். வெங்கம்மா குடையை லேசாக விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆசாரி கதவை மாட்டினார். அக்கா தனக்குத் தெரிந்த தெலுங்கில் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டாள். வெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அடுத்த வாரம் வாம்மா. சன்னலை மட்டும் தொடாத."

கிளம்பும் நேரத்தில் ரெங்கநாயகி ஜெய்னபின் காதில் தெலுங்கில் ஏதோ சொன்னாள். குடை பிடித்து நின்ற நேரத்தில் அவளிடம் கற்றதை வைத்து ஜெய்னபும் ஏதோ பதில் சொன்னாள். இருவரும் அக்காவைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தார்கள்.

"என்னட்டி சொன்னீங்க?" என்றாள் அக்கா. இருவரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "எங்கிட்டச் சொல்லக் கூடாதா? ரெங்கநாயகி, அவளுக்கு மட்டும் புதுசு புதுசாச் சொல்லிக்குடுப்பியா?"

அக்காவின் முகம் தொங்கிப்போயிருந்தது. அந்த முகத்தை ஜெய்னபுக்கு நன்றாகவே தெரியும். சனிக்கிழமைதோறும் கண்ணாடியில் பார்த்த முகம்தான் அது.

"கோவிச்சுக்காதக்கா," என்று அக்காவின் கையைப் பிடித்தாள். "அடுத்த சனிக்கிழமை வா. நாங்க ரெண்டு பேரும் உனக்குச் சொல்லித் தாரோம்."