லில்லியின் பச்சைக் குழாய்

கல்மண்டபம் ரோட்டில் மாசானத்தின் துப்பறியும் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காணாமல்போன சரக்கைத் தேடி வருகிறவர்கள். கூலிக்குப் பேரம் பேசுவார்கள். சரக்கு கிடைத்த பிறகு மறுபடியும் பேசுவார்கள். அன்று காலை வந்த வியாகுலம்மாள் எந்தப் பேரமும் பேசவில்லை.

"எம் புருசன கொலகாரன்னு புட்ச்சி வெச்சிகிறாங்க அண்ணாச்சி. அன்னிலேர்ந்து எனக்குப் பச்சத் தண்ணிகூட எறங்கல."

"உள்ள வந்து உட்காரும்மா. நிதானமாச் சொல்லு," என்றார் மாசானம்.

அவள் புருஷன் ராசையா ராயபுரத்துப் படகுப் பட்டறையில் பெயின்டர். 'லில்லி' என்னும் இழுவைப் படகின் பாய்லர் அறைக் குழாய்களுக்கு நிறம் பூசினான். கம்பெனி துரை போட்ட புதுச் சட்டம் அது: கடல் நீருக்குப் பச்சை, தொட்டியின் நல்ல நீருக்கு நீலம், தீயணைக்கும் குழாய்க்குச் சிவப்பு. பூசி முடித்ததும் படகு எண்ணூருக்குப் போய் வந்தது. திரும்பும் வழியில் பாய்லரின் குழல் வெடித்தது. தீ போடும் ரஹீம் ஆவியில் வெந்து செத்தான்.

பாய்லருக்குள் கடல் நீர் போய் உப்புப் படிந்திருந்தது. உடலை எடுத்துப் போன போலீஸ், கம்பெனி இன்ஜினீயரோடு மூன்றாம் நாள் வந்து குழாய்களைப் பார்த்தது. கடல் குழாயில் நீலம். தொட்டிக் குழாயில் பச்சை. ரஹீமோடு ராசையா சண்டை போட்டதைப் பலர் கேட்டிருந்தார்கள். வேறென்ன வேண்டும்?

"சண்டை நெசமா?"

"நெசந்தான். ரஹீம் ஈரப் பெயின்ட்டுல முதுக வெச்சிட்டான். 'கலீஜ் பண்ணிட்டியேடா'ன்னு எம் புருசன் கத்திச்சி. அப்பால ரெண்டும் ஒரே தட்டுல துன்னுச்சிங்க. நெறத்த மாத்துற ஆளு இது இல்ல அண்ணாச்சி."

மாசானம் தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். பெயர் சின்னப்பையன், வயது ஐம்பதை நெருங்கியது, வயிறு அதற்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

லில்லியின் இன்ஜின் டிரைவர் கிருஷ்ணப்பன் பாய்லர் அறையின் பூட்டைத் திறந்துவிட்டார்.

"வெடிச்ச நாள்லேர்ந்து சாவி எங்கிட்டதான் கீது. போலீசுக்குத் தொறந்தேன், இப்போ உங்களுக்கு."

"ராசையா வரலையா?"

"வந்தான். உள்ள வுடல. படகுல கால வெக்கக்கூட வுடல."

அறையின் வெள்ளைச் சுவர் செதில் செதிலாக உரிந்திருந்தது. சிவப்புக் குழாயின் மேலெல்லாம் கொப்புளம். அதன் அருகே பச்சையும் நீலமுமாக இரண்டு குழாய்கள் மழமழவென்று ஓடின.

"கண்ணாடி கணக்கா கீது பாருங்க," என்றார் சின்னப்பையன். "ராசையா கை கைதான்."

மாசானம் நல்ல நீர்த் தொட்டியைத் தட்டினார். நிறைந்த சத்தம் வந்தது. பிறகு, "ரஹீமுக்குத் தமிழ் வருமா?" என்று கேட்டார்.

"சிட்டகாங் ஆளு. புதுசா வந்தவன். துரை நெறப் பாடம் நடத்துனப்போ பச்ச, நீலம், செவப்புன்னு கத்துக்கினான். அத்த மட்டும் கிளிப்புள்ள கணக்கா சொல்வான்." கிருஷ்ணப்பன் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்தார். அந்தத் துக்கத்தில் கலப்படம் இருப்பதாக மாசானத்துக்குத் தோன்றவில்லை.

"மேலேயிருந்து நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணி வுடுன்னேன். வேற இன்னா சொல்றது?"

மாசானத்தின் கையெல்லாம் கரி. கிருஷ்ணப்பன் காவற்காரனைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி கை கய்வ தண்ணி கொண்டா."

"சுடுதண்ணியா நைனா?"

"வாணாம், பச்சத் தண்ணியே போதும்."

மாசானம் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

மறுநாள் அதே அறையில் இன்ஸ்பெக்டர் சுப்பராயன், விலங்கோடு ராசையா, கிருஷ்ணப்பன் மூவரும் நின்றார்கள். வியாகுலம்மாள் ஏணியருகில் இருந்தாள்.

"சின்னப்பையன், உம்ம சுண்ணாம்பு டப்பியைக் கொடும்." பளபளத்த அதன் மூடியைப் பச்சைக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நீட்டி, விளக்கை அருகில் பிடித்தார் மாசானம். "மூடியில என்ன தெரியுது இன்ஸ்பெக்டர்?"

சுப்பராயன் குனிந்தார். "நீலம். கொப்புளம் கொப்புளமா."

"ஆவி அடிச்சதுல சுவரே உரிஞ்சு கிடக்கு. இந்த ரெண்டு குழாய்க்கு மட்டும் ஒண்ணுமே ஆகலையா? வெடிச்ச பிறகு ஒருத்தர் கொப்புளத்தைச் சுரண்டிட்டு மறுபடி பூசியிருக்கார். கை எட்டாத பின்பக்கம் பழைய நிறம் அப்படியே நிக்குது. ராசையா சரியாத்தான் பூசினான். பழி தன் தலையில விழும்படி அவன் எதுக்கு மாத்தணும்? அவனைப் படகுலயே ஏத்தலையே. சாவி வச்சிருந்தவர் ஒருத்தர்தான்."

"நெறம் சரியா இருந்துச்சின்னா ரஹீம் எப்டி கடல் தண்ணிய வுட்டான்?" என்றார் சின்னப்பையன்.

"ஒரு வார்த்தையால. இந்த அம்மா கடைக்கு வந்ததுமே சொன்னாங்க, பச்சத் தண்ணிகூட எறங்கலைன்னு. சுட வைக்காத தண்ணியை நாம எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். நேத்து கை கழுவ இவரும் அதையேதான் கேட்டார். ரஹீமுக்குப் பச்சைன்னா நிறம் மட்டும்தான். மேலேயிருந்து 'பச்சைத் தண்ணி வுடு'ன்னு குரல் வந்தா, அவன் எந்தக் குழாயைத் திறப்பான்?"

கிருஷ்ணப்பன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எப்பவும் சொல்ற பேச்சுதான் சாமி. கீழேர்ந்து அவனும் 'பச்சா, பச்சா'ன்னு திருப்பிச் சொன்னான். சரின்னு நெனச்சிகினேன். வெடிச்ச அப்பாலதான் கடல் குழாய் தொறந்து கெடந்தத பார்த்தேன். என் லைசென்சு பூடும்னு..."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அது வாய் தவறி நடந்த விபத்து," என்றார் மாசானம். "அதுக்கு மேல நீங்க பெயின்ட் அடிச்சிட்டீங்க."

விலங்கு ராசையாவின் கையிலிருந்து கிருஷ்ணப்பனின் கைக்கு மாறியது.

அந்த வாரமே கம்பெனி, நிறத்தோடு பெயரும் எழுதச் சொல்லி உத்தரவு போட்டது. பாய்லர் அறையில் ராசையா பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு மாசானத்தைப் பார்த்தான்.

"எந்த பாசைல எய்தறது அண்ணாச்சி? வர்றவன் ஒவ்வொருத்தனும் ஒரு ஊரு."

"கடலுக்கு ஒரு மீன் போடு. நல்ல தண்ணிக்கு ஒரு குடம்."

அவன் மீனை வரைந்தான், குடத்தை வரைந்தான். ரஹீம் சாய்ந்த இடத்தில் பெயின்ட் காயும்வரை யாரையும் அருகே விடாமல் தானே நின்றான். கரையில் சோற்றுத் தூக்கோடு காத்திருந்த வியாகுலம்மாள் காவற்காரனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

"சுடுதண்ணியா, பச்ச..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

அவள் சொம்பை வாங்கி முழுவதையும் குடித்தாள்.