மேகத்தின் மேல் பழி

காலை ஏழு பத்துக்கு போன் அடித்தது.

லூபே ஆர்டேகா ஒரு கையில் முட்டை டாக்கோவோடு எடுத்தாள். கோல்டர் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸ் அதிகாரியாகப் பதினோரு வருஷம். இந்த நேரத்தில் நல்ல சேதி சொல்ல யாரும் கூப்பிட்டதில்லை.

"மேடம், பாய்ட் பேசறேன். ஏர்ஸ்ட்ரிப் மெக்கானிக். நம்ம ராய்ஸ் டாலி செத்துக் கிடக்கார்."

"பிளேன் விழுந்துடுச்சா?"

"பிளேன் ஷெட்ல நிக்குது. இவர்தான் விழுந்து கிடக்கார். நெஞ்சுல ரெண்டு குண்டு."

டாக்கோ மேஜையிலேயே கிடந்தது.

ஷெட்டில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. நேற்றுச் சாயங்காலமே கதை முடிந்திருக்க வேண்டும். ராய்ஸ் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய விமானம். இறக்கைக்கு அடியில் வரிசையாக வெள்ளி உப்புக் குழல்கள். மேகத்துக்குள் புகுந்து இவற்றைக் கொளுத்தினால் மழை கூடும். பருத்திக்காரர்களுக்காகப் பதினாறு வருஷமாக ராய்ஸ் செய்த வேலை அது.

ஷெட் கதவில் யாரோ சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தார்கள்.

கொலைகாரன்.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி, மியூல் ஓடை வெள்ளத்தில், தரைப்பாலத்தைத் தாண்டப் போன மூன்று பேர் காரோடு போனார்கள். அதில் ஒருத்தி வெர்னா, பருத்தி விவசாயி எம்மெட் க்ராஸின் மனைவி. 'மழையைக் கறந்தவனைச் சுடுவேன்' என்று எம்மெட் டி.வி. கேமரா முன்னாலேயே சொல்லியிருந்தார்.

அதே கேமரா முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் ஹாலிஸ் கேண்டி. கவுண்டி ஜட்ஜ். பெயரில்தான் ஜட்ஜ், கவுண்டியின் ரோடு, பாலம், நிர்வாகம் எல்லாம் அவர் கையில். 'வானத்தில் கை வைப்பதை டெக்ஸஸ் முழுக்கத் தடை செய்ய வேண்டும்' என்றார். மாதக்கணக்கில் தூங்கிய மசோதா எழுந்து உட்கார்ந்தது. நாளை ஆஸ்டினில் சட்டமன்றக் குழு ஓட்டுப் போடுகிறது. எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்திருந்தவர் ஒரே ஒருவர்.

அவர்தான் இங்கே குப்புறக் கிடந்தார்.

"மேடம்..." பாய்ட் தொப்பியைக் கசக்கினான். "ஒன்பதாம் தேதி இந்த பிளேன் பறக்கவே இல்ல. இடது இன்ஜின் என் மேஜை மேல பிரிச்சுக் கிடந்துச்சு. முன்னாடி ஒரு வாரம், பின்னாடி அஞ்சு நாள்."

லூபே அவனையே பார்த்தாள்.

"இதை ஏன்யா இத்தனை நாளா சொல்லல?"

"எங்க மழைக் கம்பெனி வக்கீல் வாயைத் திறக்காதீங்கன்னார். ராய்ஸுக்குத்தான் மனசு கேக்கல. பறந்த கணக்கு எழுதற லாக் புக்கை எடுத்துட்டு ஆஸ்டின் போறேன்னார். நேத்து சாயங்காலம் போன் பண்ணி, 'எம்மெட்கிட்ட சொல்லிட்டேன். இன்னும் ஒரு ஆள்கிட்ட சொல்லணும்'னார்."

"யார்கிட்ட?"

"சொல்லல."

ஷெட், விமானம், ராய்ஸின் பை, எல்லாவற்றையும் லூபே தேடினாள்.

லாக் புக் இல்லை.

எம்மெட் க்ராஸ் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். சர்ச் கோட்டு, கழுத்தில் டை. மேஜை மேல் ரைஃபிள்.

"உக்காரு லூபே."

"அதைத் தொடாதீங்க எம்மெட். ராய்ஸை நீங்க சுட்டீங்களா?"

"இல்ல. செத்ததை ரேடியோவுலதான் கேட்டேன்." குரலில் ஈரமே இல்லை. "நேத்து அஞ்சரைக்கு வந்தான். வெர்னாவோட நாற்காலியில உக்காந்தான். எழுந்திருடான்னு கத்தினேன். அவன் லாக் புக்கைப் பிரிச்சு வெச்சான். ஒன்பதாம் தேதி காலியா இருந்துச்சு. என் கை பட்டு, காபி அது மேலயே கொட்டிடுச்சு. பன்னெண்டு நாளா ஒருத்தனை வெறுத்துட்டு இருந்தேன் லூபே. அவன் கைக்குட்டையை எடுத்து என் மேஜையைத் துடைக்கிறான்."



எம்மெட் ஒரு கடிதத்தைத் தள்ளினார். "இதைக் குடுத்துட்டுப் போனான்."

ராய்ஸ் ஊர்த் தீயணைப்புக் குழுவிலும் இருந்தவர். தரைப்பாலத்தின் தடுப்புக் கம்பம் இறங்கவில்லை, அபாயச் சங்கு ஊதவில்லை என்று டிசம்பரிலிருந்து மூன்று முறை எழுதியிருக்கிறார். இது அதற்கு வந்த பதில். 'அவசரமில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம்.'

கீழே கையெழுத்து: ஹாலிஸ் கேண்டி.

லூபேயின் காது சுட்டது. மூன்று சவப்பெட்டிகளின் முன்னாலும் தலை குனிந்து நின்ற ஆள்.

"அடுத்து கேண்டியை ஷெட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்னான்," என்றார் எம்மெட். "அந்த ஆளே வாயால ஒத்துக்க ஒரு சந்தர்ப்பம் குடுக்கணுமாம். நல்லவன். முட்டாள்."

"கோட்டு போட்டுட்டு எங்க கிளம்பினீங்க?"

"பதினோரு மணிக்கு கோர்ட் ஹவுஸ்ல கேண்டி பேசறான்."

"ரைஃபிளோடயா?"

அவர் டையை இறுக்கினார்.

"அவனைச் சுட்டீங்கன்னா அவன் தியாகி ஆயிடுவான். ஊரே மாலை போடும். வெர்னா எப்படிச் செத்தாங்கன்னு யாருக்கும் தெரியாமலே போயிடும். அதுவா வேணும் உங்களுக்கு?"

எம்மெட் ரைஃபிளைத் திறந்தார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தார்.

கோர்ட் ஹவுஸில் நாலு கேமரா. கேண்டியின் குரல் சரியான இடங்களில் உடைந்தது.

"யார் இதைச் செஞ்சிருந்தாலும் தப்புதான். ஆனா ஜனங்க கோபம் நியாயமானது. ராய்ஸ் அன்னிக்குப் பறந்தார். இதோ அவரோட லாக் புக். ஒன்பதாம் தேதி, ரெண்டு மணி நேரம்!"

கேமராக்கள் நெருங்கின.

பின் வரிசையிலிருந்து லூபே எழுந்தாள். "இது எப்ப உங்க கைக்கு வந்துச்சு சார்?"

"திங்கக்கிழமை. கம்பெனியிலேர்ந்து அனுப்பினாங்க."

"இன்னிக்கு வியாழன். குடுங்க பாக்கலாம்."

கொடுக்காமல் இருக்க முடியாது. நாலு கேமரா.

லூபே முன்னால் போய் வாங்கிப் பிரித்தாள். ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் பாதி பழுப்பு. அதைத் தூக்கிக் காட்டினாள்.

"எம்மெட், இது என்ன?"

பின் வரிசையில் எம்மெட் மெதுவாக எழுந்தார். "என் காபி. நேத்து சாயங்காலம் கொட்டினேன். அப்ப ஒன்பதாம் தேதி காலியா இருந்துச்சு."

"ஒன்பதாம் தேதி எழுத்து கறைக்கு மேல ஊறிப் பரவியிருக்கு," என்றாள் லூபே. "திங்கக்கிழமையே உங்க பீரோவுல இருந்த புக்கு, புதன்கிழமை இவர் வீட்டுக்குப் போய் காபி குடிச்சிட்டு வந்திருக்கு. சார், இது ராய்ஸ் கையோட போன புக்கு. அவர் பொணத்துகிட்டேர்ந்துதான் எடுத்திருக்க முடியும்."

கேண்டியின் கை கோட்டுக்குள் போனது. லூபேயின் கை முந்திக்கொண்டது. அவர் இடுப்பிலிருந்த பிஸ்டல் அவளிடம் வந்தது.

"மூணு பேர் செத்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?" கேண்டி வியர்த்தார். "மழை லூபே... அது வெறும் மழை!"

"இதைத்தானே ராய்ஸும் சொன்னார்? அதுக்கா சுட்டீங்க?"

கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் ஆஸ்டினில், ராய்ஸுக்குக் குறித்திருந்த மூன்று நிமிஷத்தில் எம்மெட் பேசினார். இருபது அடி தள்ளி லூபே நின்றாள்.

"என் பொண்டாட்டியைக் கொன்னது மேகம் இல்லீங்க. கீழ இறங்காத ஒரு கம்பம். ஊதாத ஒரு சங்கு. அதைச் சரி பண்ணச் சொல்லி லெட்டர் போட்டவரைத்தான் சுட்டுட்டாங்க. சட்டம் போடறதா இருந்தா அந்தக் கம்பத்துக்குப் போடுங்க."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். உருக்கமாக நன்றி சொன்னார். ஒரு நிமிஷம் மௌனம் அனுசரித்தார்கள்.

பிறகு ஓட்டுப் போட்டார்கள்.

ஏழுக்கு இரண்டு. தடை மசோதா குழுவைத் தாண்டியது. தரைப்பாலத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

லூபே பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் கால் வைத்ததும் வானம் இடித்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. கோட்டு போட்ட உறுப்பினர்கள் ஃபைலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள்.

எம்மெட் நனைந்தபடியே அவள் பக்கம் திரும்பினார்.

"சட்டத்தை மீறிப் பெய்யுது பாரு. பிடிச்சு உள்ள போடு."