ட்ரோசெவிட்ஸ் குடும்பத்தின் கடைசிப் பெட்டி

பக்கத்து இருக்கையிலிருந்து எடுத்தபோது ஜாடி வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்புச் சாம்பல் ஆறி ஒரு வாரம் ஆகிறது. ஃபோல்கர் தன் கையாலேயே அள்ளி நிரப்பியது. காரின் ஹீட்டரால் வந்த சூடாக இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

பனிமூட்டத்தில் ஊர்ப்பலகை தெரிந்தது: ட்ரோசெவிட்ஸ். அவன் பெயரும் இப்போது அதுதான். முன்பு வெறும் ஹாஸே, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வாரிசில்லாத எடல்கார்ட் ஃபான் ட்ரோசெவிட்ஸ் அம்மாள்தான் அவனைச் சட்டப்படி தத்தெடுத்துப் பரம்பரைப் பெயரைக் கொடுத்தாள். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். "என்னை எங்க ஆளுங்களோட படுக்க வெச்சிடுப்பா. தனியா மட்டும் விட்டுடாதே."

விட்டுவிட்டான். அவள் செத்தபோது அவன் ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். போனிலேயே பேசி, எரித்து, ஹானோவர் நகரில் கல்லும் பெயரும் இல்லாத புல்வெளியில் புதைக்கச் சொல்லிவிட்டான். அம்மாள் வீடு திரும்பினால்தான் அவளுடைய மாளிகையில் ஹோட்டல் நடத்த விடுவோம் என்று ஊர்க்காரர்கள் இப்போது பிடிவாதம் பிடித்தார்கள். அவளுடைய அஸ்தி என்று காட்டத்தான் இந்த அடுப்புச் சாம்பல்.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வீப்கே சாவியோடு காத்திருந்தாள்.

"அடேயப்பா, சின்ன எஜமான் வந்துட்டாரு! பேரு மாறினதும் நடையே மாறிப்போச்சே. அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"வந்துட்டாங்க." ஜாடியைத் தூக்கிக் காட்டினான்.

"அப்ப மெழுகுவத்தி எரிஞ்சு முடியறவரைக்கும் நீங்க கூட உக்காரணும். கதவை வெளியே பூட்டிடுவேன், அதான் இங்க வழக்கம். பயப்படாதீங்க, எல்லாம் உங்க சொந்தக்காரங்கதானே!"

தேவாலயத்துக்கு அடியில், குடும்பத்தின் நிலவறையில் ஈரச் சுண்ணாம்பும் பழைய ஓக் மரமும் சேர்ந்து மணத்தன. இருபுறமும் சவப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் அவன் பெயர். அவளுக்கென்று எப்போதோ செய்துவைத்த கடைசிப் பெட்டி மட்டும் திறந்திருந்தது. அதற்குள் ஜாடியை வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். எங்கோ நீர் சொட்டுவதும், திரி லேசாகப் பொரிவதும், மேலே காற்று ஜன்னல்களை உரசிக்கொண்டு போவதும் கேட்டுக்கொண்டே இருந்தபோது, அவற்றுக்கிடையில், மூடிய பெட்டி ஒன்றுக்குள் யாரோ ஒருக்களித்துப் படுக்கும் சத்தமும் கேட்டது.

எலி. எலியாகத்தான் இருக்கும்.

மறுபடியும். எதிர்ப்பக்கம். பிறகு எல்லாப் பக்கமும்.

"அம்மா," என்றான். உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் உங்களைக் கொண்டுவரல. பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்கம்மா."

சத்தம் நின்றது. அவனுக்கு அழுகை வந்தது.

படிகளில் காலடி. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம்.

ஈரப்புல் வாசனை.

அவள் வந்தாள். சாம்பலும் மண்ணுமாக, நடக்க நடக்க உதிர்ந்தாள். உதிர்ந்ததைக் குனிந்து அள்ளி மார்பில் அப்பிக்கொண்டாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்த ஜாடியை எடுத்துத் தரையில் வைத்தாள். உள்ளே ஏறிப் படுத்தாள்.

பிறகு பெட்டியின் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு, குழந்தையைக் கூப்பிடுவது போல அங்கே மெல்லத் தட்டினாள்.