ரய்யாவின் வண்டியில் கிடைத்த வளைகத்தி

“அட்டையக் கழட்டும்மா! கழுத்துல தொங்குதே, அத முதல்ல கழட்டு!”

“கழட்டச் சொல்ல நீங்க யாரு? உங்க வீட்டுல அடிச்ச அட்டையா இது?”

“சங்கத் தலைவர் நானு! திருடி கழுத்துல வழிகாட்டி அட்டையா? ஊரே பாக்குது பாரு!”

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மஸ்கட் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் மத்ராவில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பூனைகூடக் கண் திறக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் சந்தில் அத்தனை ஜன்னலும் திறந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தலை, சிலவற்றில் மூன்று. இத்தனைக்கும் யாருக்கும் வம்பு பிடிக்காது. காற்று வாங்கத் திறந்தார்களாம்.

கத்திக்கொண்டிருந்தவர் ஸஹ்ரான். கடற்கரைச் சாலையில் சுற்றுலா ஆபீஸ், பெரிய பேருந்துகள், வழிகாட்டிகள் சங்கத்துத் தலைவர் பதவி, எல்லாம் உண்டு. கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, தலைப்பாகையில் தங்க இழை. ஆனால் காலில் பார்த்தால் செருப்பு குதிகாலுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டிருந்தது. ஒரு விரல் அகலத்துக்குக் குதிகால் வெளியே தொங்கியது. சந்துப் பெண்கள் அதைக் கவனிக்காமல் இல்லை. பெரிய மனிதருக்குச் சின்னக் கால் என்று காட்டிக்கொள்ள ஆசை போலிருக்கிறது என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். அவரோ கத்துகிற நேரத்திலும் எதிரில் நிற்பவரைப் பார்க்காமல், விதவை ஸுவைனா வீட்டு வாசலில் கிடந்த செருப்புக் குவியலையே நொடிக்கொருதரம் பார்த்தார். கண்ணைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் பதவியில் இருப்பவர்களுக்கு எப்போதுதான் இருந்தது?

எதிரில் நின்றவள் ரய்யா. கப்பலில் வருகிற வெளிநாட்டார் ஒருவர் இருவரைத் தன் சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு, சில மணி நேரத்தில் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுகிற பெண். மீன் சந்தை, கோட்டை, கடைவீதி, கடைசியில் ஸுவைனா வீட்டு மொட்டைமாடியில் காவா என்கிற அரபுக் காப்பி. இந்த வேலைக்குப் போக அவள் தகப்பனிடம் அனுமதி வாங்கிய கதை எங்கள் சந்துக்குத் தெரியும். ஒரு வருஷம் இழுத்தது. அட்டை போனால் அடுத்த நாள் அவள் வீட்டுக்குள்தான்.

“வண்டியத் தொறந்து காட்டு!” என்றார் ஸஹ்ரான்.

“தாராளமா! நீங்களே பாத்துக்கோங்க!”

பக்கத்து வீட்டுப் பெண் குனிந்து பார்த்தாள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து அவள் இழுத்தெடுத்தது ஸுவைனாவின் காலஞ்சென்ற கணவரின் வளைகத்தி. வெள்ளி உறை, கொம்புப் பிடி, மாப்பிள்ளையாக வந்த நாளில் அவர் இடுப்பில் கட்டியிருந்தது.

ஸுவைனா கத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “ரய்யா… உன்னை என் மகளா நெனச்சேனேடி.”

“காலா, சின்னம்மா, அல்லா மேல ஆணையா நான் தொடவே இல்ல!”

ஸஹ்ரான் எட்டி அட்டையின் கயிற்றைப் பிடித்த நேரத்தில், மேலேயிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது.

“ஸஹ்ரான், பொம்பளப் புள்ள கழுத்துல கை வைக்காதே. இதோ இறங்கி வர்றேன்.”

கல்ஃபான். துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருஷம் பெட்டிகளைப் பார்க்காமல் பெட்டிக்காரர்களின் முகத்தைப் பார்த்தே கள்ளச்சரக்கைப் பிடித்தவர் என்று பெயர். இறங்கி வருகிறேன் என்றவர் தேநீரை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அவருக்கு முன்னால் படிகளைத் தாவிக்கொண்டு வந்தான் அவர் மனைவியின் தம்பி ஜுமா. வாடகை வண்டி ஓட்டுகிறவன். தன் மனைவியை இழந்து ஆறேழு வருஷம் ஆனவன். மச்சான் துப்புத் துலக்கினால் தனக்கும் பாதிப் பெயர் என்பது அவன் கணக்கு.

“மச்சான், விஷயம் புரிஞ்சுபோச்சு! ரய்யா கூட்டிட்டு வந்த அந்த வெள்ளைக்காரன்தான். சர்வதேசக் கும்பல். கப்பல்ல ஏறிட்டான், இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பிருவான்!”

“கத்தி இங்க இருக்கு, கும்பல் கப்பல்ல எதுக்கு ஏறுச்சு?”

“அது… குழப்புறதுக்கு.”

கல்ஃபான் ஸுவைனா பக்கம் திரும்பினார். “என்ன நடந்துச்சு, மெதுவாச் சொல்லுங்க.”

“ரய்யா ஒருத்தரக் கூட்டிட்டு வந்தா. பல் டாக்டரு, போர்த்துகல்காரரு, டொமிங்கோஸ்னு பேரு. கீழ ரூம்ல கத்தியக் காட்டினோம். அப்புறம் மாடிக்குப் போய்ட்டோம். நடுவுல ஹல்வாத் தட்ட மறந்துட்டேன்னு ரய்யாதான் தனியா இறங்கிப் போய் எடுத்துட்டு வந்தா.” சொல்லும்போதே கத்தியை ரய்யாவுக்கு எட்டாத கைக்கு மாற்றிக்கொண்டாள். “காவா குடிச்சோம். தூபக்கால்ல சாம்பிராணி போட்டுக் காட்டினேன். எந்திரிச்சு இறங்கி வந்து வண்டி வரைக்கும் வழியனுப்பினேன். திரும்பிப் போனா, சுவத்துல ஆணி மட்டும் இருக்கு. போன் போட்டேன், அவரக் கப்பல்ல விட்டுட்டு இவ வந்து நின்னா.”

“வாசக் கதவு?”

“விருந்தாளி உள்ள இருக்கும்போது கதவச் சாத்துவாங்களா? என்ன கேள்வி இது!”

“ரய்யா, உன் வண்டி பூட்டியிருந்துச்சா?”

“எங்க மாமா பூட்டுறது! ஏசிய ஓடவிட்டு நிறுத்தியிருந்தேன். இந்த வெயில்ல விருந்தாளிய அடுப்புலயா ஏத்துறது?”

சந்து தலையாட்டியது. மஸ்கட்டில் யார்தான் பூட்டுகிறார்கள்?

“நீ இந்தப் பக்கம் எப்படி?” என்று ஸஹ்ரானைக் கேட்டார் கல்ஃபான்.

“சத்தம் கேட்டு ஆபீஸ்லேந்து ஓடி வந்தேன். சங்கத்துப் பேரு கெடுதுல்ல? மத்தபடி இந்த வீட்டு வாசப்படிய நான் மிதிச்சதே இல்ல.”

“நல்லது.” கல்ஃபான் மறுபடி ரய்யாவிடம் வந்தார். “திரும்பிப் போகையில அந்த டாக்டரு என்ன பேசினாரு? ஒண்ணு விடாமச் சொல்லு.”

“எல்லாத்தையும் புகழ்ந்தாரு மாமா. அவங்க பாட்டனுங்க பீரங்கியோட வந்த ஊருக்கு நான் தொப்பியோட வந்தேன்னு ஒரே சிரிப்பு. காலைல கடைவீதில நம்மூருச் செருப்பு வாங்கினாரு. பொடி மனுஷன், சின்னப் பாதம், தேடித் தேடி எடுத்தோம். ஒரு வாரு விட்டிருந்துச்சு, கடைக்காரரு கைல இருந்த செவப்பு நூலால தச்சுக் குடுத்தாரு. அதையும் போட்டோ எடுத்துக்கிட்டாரு. ஷூவப் பைல போட்டுட்டு அதையே மாட்டிக்கிட்டுச் சுத்தினாரு. திரும்பும்போது அதுதான் ஒரே குறை. வெயில்ல செருப்பு தளர்ந்துபோச்சாம். டூரிஸ்டுங்க எதையாவது சொல்லுவாங்க.”

கல்ஃபானின் தாடிக்குள் எதுவோ அசைந்தது. அவர் சிரிப்பு அவ்வளவுதான் வெளியே வரும்.

“ஜுமா, வண்டிய எடு. கப்பல் கிளம்புறதுக்குள்ள அந்த டாக்டர இங்க கொண்டு வரணும். துறைமுக வாசல்ல நிக்கிறவங்கிட்ட என் பேரச் சொல்லு. ரய்யா, நீயும் கூடப் போ. அவர் இப்பக் கால்ல என்ன போட்டிருக்காரோ அதோட வரச் சொல்லு.”

“வழியில அவ ஓடிட்டா என்ன பண்றது?” என்றார் ஸஹ்ரான்.

“ஓடட்டும், உனக்கு நல்லதுதானே? ஸுவைனா, அது வரைக்கும் எங்களுக்குக் காவா கிடைக்குமா?”

ஜுமா வண்டி எடுத்த விதத்தைப் பற்றி மீன் சந்தைக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். மீன் கூடை ஒன்று கவிழ்ந்தது, போலீஸ்காரர் ஒருவர் ஊதலை வாயில் வைத்தபடியே ஒதுங்கினார். பின்சீட்டில் ரய்யா அட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாளாம். துறைமுக வாசலை அடையும்போது கப்பல் முதல் சங்கை ஊதிவிட்டது.

இங்கே வேறு நாடகம். கல்ஃபான் உள்ளே போய் விரிப்பில் உட்கார்ந்துவிட்டார். ஸஹ்ரான் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வா ஸஹ்ரான்.”

“பரவால்ல, நிக்கிறேன். காத்தோட்டமா இருக்கு.”

“சந்துல காத்தா?” என்றது ஜன்னல் ஒன்று.

ஸுவைனா பாத்திரத்தோடு வந்து நின்றாள். “ஏன், என் வீட்டுக் காவா உங்களுக்கு ஆகாதா?”

ஒரு வீட்டுக் காவாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மத்ராவில் குடியிருக்க முடியுமா? ஸஹ்ரான் செருப்பைக் கழற்றினார். கழற்றியதைக் காலாலேயே கதவுக்குப் பின்னால் தள்ளினார். எதிர்ஜன்னலிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

இரண்டாவது கோப்பை நடக்கும்போது வண்டி வந்து கிறீச்சிட்டது. முதலில் ஜுமாவின் குரல். “கொண்டாந்துட்டேன் மச்சான்! கப்பல்காரன் கால் மணி நேரம்தான் குடுத்திருக்கான்!” அப்புறம் ஒரு சத்தம், தப்தப் என்று, குளத்தில் வாத்து நடக்கிற மாதிரி. டொமிங்கோஸ் வந்தார். ஐந்தடி மனிதர், காலில் படகு மாதிரி இரண்டு பழைய பழுப்புச் செருப்பு.

வாசலில் அவற்றைக் கழற்றக் குனிந்தவர், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “ஓ!” என்று கூவினார். சின்ன ஜோடி ஒன்றைத் தூக்கிக் குழந்தை மாதிரி ஆட்டினார். ரய்யா வாய்மேல் கை வைத்துக்கொண்டாள். “மாமா, அவரோடதாம்!”

“யாரும் அவசரப்படாதீங்க,” என்றார் கல்ஃபான். “புதுச் செருப்பு வெயில்ல தளரும், ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு சைஸ் வளராது. அப்போ அவர் இறங்கும்போது வாசல்ல கிடந்தது வேற ஒருத்தன் செருப்பு. அதுக்கு என்ன அர்த்தம்? இவங்க மூணு பேரும் மாடில இருந்தப்ப நாலாவதா ஒருத்தன் வீட்டுக்குள்ள இருந்தான். இவங்களுக்கு முன்னாடியே தப்பான ஜோடிய மாட்டிக்கிட்டு வெளிய போனான்.”

“மச்சான், திருட வந்தவன் செருப்பக் கழட்டுவானா?”

“நீ கழட்டாம ஏறுவியா? இன்னொருத்தர் வீட்டு விரிப்புல செருப்போட ஏற உன் கால் வருமா?”

ஜுமா தன் காலைப் பார்த்தான். “வராது.”

“அவனுக்கும் வரல. திருடத்தான் வந்தான், ஆனா அவங்கம்மா நல்லா வளத்திருக்காங்க. சரி, அப்படி என்ன அவசரம், காலக்கூடப் பாக்காம ஓட? மாடிலேந்து சாம்பிராணி வாசம் இறங்கி வந்துச்சு. வெளியூர்க்காரன்னா நல்லா இருக்கேன்னு மோந்துட்டு நின்னிருப்பான். நம்ம ஆளுக்குத்தான் அதோட அர்த்தம் தெரியும். தூபக்கால் வந்தாச்சுன்னா விருந்து முடிஞ்சுது, அடுத்த நிமிஷம் எல்லாரும் படில இறங்குவாங்க. அங்கிக்குள்ள கத்தி, கால்ல எதுவோ ஒண்ணு, ஓட்டம். ஏசி ஓடுற வண்டி சந்து முனைல தொறந்தே நிக்குது. சீட்டுக்கு அடில சொருகிட்டான். திருடுறது அவன் நோக்கம் இல்ல, ரய்யாவ மாட்டிவிடுறதுதான். திரும்பிப் பாக்கறதுக்குள்ள அவன் செருப்புல டாக்டர் நடந்து போயிட்டாரு. அதத் தேடித்தான் சத்தம் கேட்ட சாக்குல வந்தான்.”

எல்லாக் கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. ஸஹ்ரான் கோப்பையைக் கீழே வைத்தார். “கடைவீதில ஆயிரம் செருப்பு விக்குது. நான் வாங்கக் கூடாதா?”

“தாராளமா வாங்கலாம். குதிகால் வெளிய தொங்குற சைஸ்லயா? ரய்யா, டாக்டர்கிட்ட அந்த போட்டோவக் கேளு.”

டொமிங்கோஸ் பெருமையாக போனை நீட்டினார். கடைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார், கையில் பழுப்புச் செருப்பு, வாரில் சிவப்பு நூல். ஜுமா அந்தச் சின்ன ஜோடியைப் பிடுங்கித் திருப்பினான். சிவப்பு நூல்.

“அந்தப் பெரிய ஜோடியப் போட்டுக் காட்டு ஸஹ்ரான்,” என்றார் கல்ஃபான் மெதுவாக. “இல்ல, வேணாம். கட்டைவிரல் பதிஞ்சு குழியே விழுந்திருக்கு. பாத்தாலே போதும்.”

ஸுவைனாதான் முதலில் எழுந்தாள். “உங்க பேருந்துக் கூட்டத்த என் மாடில ஏத்த மாட்டேன்னு சொன்னதுக்கா? அந்த ஆத்திரத்த இவ கழுத்துலயா காட்டுவீங்க? என் புருஷன் கத்திய வெச்சு?”

ஸஹ்ரான் சொன்னது ஒன்றே ஒன்று. “எல்லாருமே இவளத்தான் கேக்குறாங்க. என் பேருந்து காலியா நிக்குது.” இதைச் சொல்லும்போது தங்க இழைத் தலைப்பாகைக்குக் கீழே முகம் சின்னப்பையன் முகம் மாதிரி இருந்தது. யாருக்கும் இரக்கம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். போலீஸுக்கு போன் போட்டதும் நிஜம்.

டொமிங்கோஸுக்கு நடந்தது முழுதாகப் புரிந்ததா தெரியாது. இதெல்லாம் சுற்றுலாவோடு சேர்ந்த நிகழ்ச்சி என்று நினைத்திருக்கலாம். ஒரு ஹல்வாப் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு, சரியான செருப்போடு, இரண்டாவது சங்குக்குள் ஜுமா வண்டியில் போய்ச் சேர்ந்தார். ஜன்னல்களிலிருந்து கைதட்டினார்கள். ரய்யா அழவில்லை. அட்டையை அங்கிக்கு மேலே எடுத்து நேராக்கிப் போட்டுக்கொண்டு, ஸுவைனாவைப் பார்த்து, “இன்னொரு கோப்பை இருக்கா காலா?” என்றாள். ஸுவைனா அவளைக் கட்டிக்கொண்டு இருவர் அழுகையையும் தானே அழுதாள்.

ஸஹ்ரானுக்குச் சங்கமும் போயிற்று, ஆபீஸும் போயிற்று. இப்போது சோஹார் பட்டணத்தில் மைத்துனன் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி. அந்த ஆபீஸை ரய்யா எடுத்துக்கொண்டாள். அவள் தகப்பன் தினமும் சாயங்காலம் அங்கே வந்து, வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் தானேதான் அவளை இந்த வேலைக்கு அனுப்பியதாகச் சொல்கிறார்.

கூட்டம் பெருகியதும் இரண்டாவது வண்டி வேண்டியிருந்தது, அதை ஜுமா ஓட்டினான். எந்த வழியாகப் போனாலும் கடைசியில் ஸுவைனா மாடிதானே? டூரிஸ்ட் இல்லாத நாளிலும் அவன் வண்டி அங்கே நின்றதை நாங்கள் ரிப்பேர் என்று நினைத்தோம். பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை அவனுக்கும் ஸுவைனாவுக்கும் நிக்காஹ். அதுவும் பத்திரிகை வந்த பிறகுதான் சந்துக்கே தெரியும். எதிர்வீட்டு மாடியில், தன் ஜன்னலுக்கு நேரே, தினமும் நடந்ததை எப்படித் தவறவிட்டீர் என்று கல்ஃபானைக் கேட்டோம்.

அவர் தேநீரை முடித்துவிட்டுச் சொன்னார்: “என்கிட்ட யாரும் புகார் குடுக்கலியே.”